பருப்பு வேகாத தண்ணீர்

மழை வந்தால் ஊரில் எல்லாரும் குடையைத் தேடுவார்கள். நான் காலி பாட்டிலைத் தேடுவேன். மழைத் தண்ணீரில் செம்மண் கரைந்து வருகிறதே, அதைப் பிடித்து, காய வைத்து, எடை போட்டு, ஒரு லிட்டருக்கு எத்தனை கிராம் மண் என்று எழுதி வைப்பதுதான் என் பிழைப்பு. நகரியில் எங்கள் தெருவில் பாதிப் பேர் நான் திருப்பதியில் ஏதோ கம்ப்யூட்டர் வேலை பார்ப்பதாக நினைக்கிறார்கள். மீதிப் பேர் நான் சேறு அள்ளுவதாக நினைக்கிறார்கள். இரண்டும் சரிதான். "இத்தினி படிச்சிட்டு சேத்த தோண்டிக்கினு கீது பாரு" என்று பக்கத்து வீட்டு அம்மாள் என் காதுபடச் சொன்னபோது எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. அவரை வாசலிலேயே நிறுத்தி வைத்துக் கால் மணி நேரம் வண்டலைப் பற்றிப் பாடம் நடத்தினேன். அதன் பிறகு என்னைக் கண்டால் அவர் வீட்டுக்குள் போய்விடுகிறார்.

ஆபீஸ் சின்னது. மொத்தம் ஐந்து பேர். லேஅவுட் போடுகிறவர்கள், ரோடு போடுகிறவர்கள் எங்களிடம் வருவார்கள். மழைத் தண்ணீர் எங்கே ஓடும், எவ்வளவு ஓடும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்போம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அலிபிரிக்குக் கொஞ்சம் தள்ளி, மலை அடிவாரத்தில் ஒரு லேஅவுட் வேலை வந்தது. மரம் செடியெல்லாம் வழித்தெடுத்துவிட்டு, வீட்டுமனையாகப் பிரித்துக் கல் நட்டிருந்தார்கள். நிலம் தோலுரித்த மாதிரி சிவந்து கிடந்தது. மலையிலிருந்து வரும் தண்ணீர் அந்தச் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு கீழே போகும். கீழே போகாமல் நடுவில் நிறுத்துவதற்காக ஒரு பெரிய குட்டை வெட்டியிருந்தார்கள். மழைத் தண்ணீர் குட்டையில் சில மணி நேரம் தங்கும், மண் அடியில் படியும், தெளிந்த தண்ணீர் தூமு வழியாக வெளியே போகும். தூமு என்றால் தண்ணீர் வெளியேறுவதற்கு வைத்த சிமெண்ட் குழாய். உள்ளே வரும் மண்ணில் எத்தனை பங்கு குட்டையில் நிற்கும், எத்தனை பங்கு தூமு வழியாகத் தப்பிக்கும் என்று சொல்வதுதான் என் வேலை.

தூமிலிருந்து போகும் கால்வாயை ஒட்டி ஒரு நர்சரி இருந்தது. மாங்கன்று நர்சரி. எங்கள் சித்தூர் ஜில்லாவில் மாமரத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நர்சரி நடத்துகிற அக்காவுக்கு நாற்பத்தைந்து வயசு இருக்கும். புத்தூர்ப் பக்கத்துத் தமிழ். கையில் எப்போதும் ஒட்டுக்கத்தி. நாட்டு மாங்கன்றின் தண்டைச் சீவி, பெனிஷான் ரக மாமரத்துக் குச்சியைச் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்டிவிட்டு நிமிர்வதற்குள் நமக்கு ஒரு வாய் காபிகூட இறங்கியிருக்காது. முதல்முறை நான் அங்கே அளவு எடுக்கப் போனபோது என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

"நீங்க லேஅவுட் காரங்களா?"

"இல்லக்கா, கணக்குப் போடுறவ."

"போன வருஷம் நீ எங்க போயிருந்தே? எங்க கன்னெல்லாம் மண்ணுல பொதஞ்சப்போ எவனும் கணக்குப் போட வரலியே!"

நடந்தது இதுதான். அதற்கு முந்தின வருஷம் ஐப்பசி மழையில், குட்டை வெட்டுவதற்கு முன்னால், மேலேயிருந்து வந்த சேறு கால்வாயைத் தூர்த்துவிட்டது. தண்ணீர் போக வழியில்லாமல் நர்சரியின் தாழ்வான பக்கம் ஏறிவிட்டது. மாங்கன்றுக்கு ஒட்டு கட்டின இடம் மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். அந்த இடம் சேற்றுக்குள் புதைந்தால் அழுகிவிடும். அந்தப் பக்கம் முழுக்க அடுக்கி வைத்திருந்த பைக்கன்றுகள் அத்தனையும் பத்து நாளில் கருகின. ஆனி, ஆடி முழுக்கக் குனிந்த முதுகு நிமிராமல் கட்டின ஒட்டுகள். "இந்த வருஷமும் போச்சுன்னா நான் கத்திய தூக்கிப் போட்டுட்டு எங்கயாவது கூலிக்குத்தான் போவணும்" என்று சொன்னார். அழவில்லை, சும்மா தகவல் சொல்கிற மாதிரிதான் சொன்னார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இந்தக் குட்டையை நான் விடப்போவதில்லை.

சும்மா சொல்லக்கூடாது, அந்த இரண்டு மாதம் என் வாழ்க்கையிலேயே சந்தோஷமான காலம். குட்டையைக் கம்ப்யூட்டரில் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டினேன். ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீர் எவ்வளவு ஆழம், எவ்வளவு வேகம் என்று எழுதினேன். ஒவ்வொரு அளவு மண் துகளும் எவ்வளவு வேகத்தில் கீழே இறங்கும் என்று எழுதினேன். தூமை அடைவதற்குள் அடியைத் தொட்டுவிட்டால் துகள் மாட்டியது. தொடாவிட்டால் தப்பித்தது. அவ்வளவுதான் விஷயம். மணல் உள்ளே வந்ததும் தொப்பென்று விழுந்துவிடும், அதைப் பற்றிக் கவலையில்லை. வண்டல் பாதி தூரம் போய் உட்காரும். களிமண்தான் சரியான கேடி. அவ்வளவு பொடி. இறங்கவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே மிதக்கும்.

காலை ரயிலில் நகரியிலிருந்து திருப்பதிக்கு வரும்போது மடியில் லேப்டாப். புத்தூர் தாண்டுவதற்குள் ஒரு மழையைப் பெய்ய வைப்பேன். ரேணிகுண்டா வருவதற்குள் குட்டை நிரம்பிவிடும். எதிரே உட்கார்ந்து முறுக்கு தின்கிறவர்களுக்கு என் திரையில் சிவப்பும் நீலமுமாக ஏதோ அசைவது தெரியும். "இன்னா மா கேமா?" என்று ஒருவர் கேட்டார். "ஆமாங்க, கேம்தான், மண்ணு ஜெயிக்குதா நான் ஜெயிக்கிறேனான்னு" என்றேன். அவரும் ரேணிகுண்டா வரைக்கும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

களிமண் எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதைப் புத்தகத்தில் பார்த்துப் போட எனக்கு மனசில்லை. அந்த இடத்து மண்ணையே எடுத்து வந்து, உயரமான கண்ணாடி ஜாடியில் கரைத்து, நேரம் பார்த்து அளந்தேன். ஆபீஸில் காய்ச்சி வடித்த தண்ணீர் எடுக்கும் மெஷின் அப்போது பழுது. ரிப்பேர்காரன் நாளைக்கு வருகிறேன் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். காத்திருக்கிற பொறுமை எனக்கு ஏது? குழாயைத் திறந்து ஜாடியை நிரப்பினேன். மண் அழகாக இறங்கியது. ஒரு மணி நேரத்தில் மேலே தண்ணீர் பளிச்சென்று தெளிந்தது. நான் அந்த ஜாடியைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் வைத்துக்கொண்டேன். பைத்தியம் என்றுதான் சொல்வீர்கள்.

அந்த வேகத்தை மாடலில் போட்டதும் விடை வந்தது. பத்துப் பங்கு மண் வந்தால் எட்டுப் பங்கு குட்டையிலேயே நிற்கும். எட்டு! நாற்காலியை விட்டு எழுந்து குதித்தேன். எங்கள் ஆபீஸ் சார் தலையை நீட்டி, "ஏமய்யிந்தி? என்ன ஆச்சு?" என்றார். அவருக்கு வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், சந்தோஷமோ கோபமோ வந்தால் மறுபடி தெலுங்கு. "சார், எட்டு சார்!" என்றேன். ரிப்போர்ட் அன்றைக்கே போனது.

நான் அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. சாயங்காலம் ஆட்டோ பிடித்து நேராக நர்சரிக்குப் போனேன். "அக்கா, இந்த வருஷம் பயமே வேணாம். கீழ்ப் பக்கம் தாராளமா கன்னு அடுக்குங்க. கால்வா தூராது" என்று சொன்னேன். கையை ஆட்டி, குரலை ஏற்றி, ஒரு கல்யாணத்தை நிச்சயம் பண்ணிவிட்டு வந்தவள் மாதிரி சொன்னேன். அக்கா கத்தியைக் கீழே வைத்தார்.

"நெசமாவா?"

"கம்ப்யூட்டர் சொல்லுதுக்கா!"

மறுவாரமே ஆளை வைத்துத் தாழ்வான பக்கம் முழுக்க ஒட்டுக்கன்றுகளை இறக்கி அடுக்கினார். மேட்டுப் பக்கத்தில் மல்லிகைப் பதியன் போட்டுக்கொண்டார். இடம் காலியாக இருந்ததே, ஏன் விட வேண்டும்?

புரட்டாசியில் முதல் நல்ல மழை மத்தியானம் வந்தது. வானம் கறுத்ததுமே நான் பாட்டில்களை வாரிப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினேன். குட்டைக்குத் தண்ணீர் வரும் வாயில் கால் மணிக்கு ஒரு பாட்டில், தூமு வாயில் கால் மணிக்கு ஒரு பாட்டில். நான் ஒரு ஆள் எப்படி இரண்டு இடத்தில் நிற்பது? அக்காவைக் கூப்பிட்டேன். உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தூமு பக்கம் அவர் நின்றார். நான் இந்தப் பக்கம் கத்துவேன், "இப்ப!" அவர் அந்தப் பக்கம் பாட்டிலை முக்குவார். மழைச் சத்தத்தில் கேட்காவிட்டால் இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவேன். சேற்றில் வழுக்கி உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். அக்கா அங்கிருந்து சிரித்தது எனக்கு இங்கே கேட்டது. அப்படி ஒரு மத்தியானம் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்!

இரண்டு நாள் கழித்து, காய்ந்த மண்ணை எடை போட்டேன். உள்ளே வந்தது பத்து என்றால், வெளியே போனது ஐந்து. மறுபடி போட்டேன். ஐந்து. தராசைத் திட்டினேன். பாட்டில்கள் மாறிவிட்டனவா என்று லேபிளைப் பார்த்தேன். மாறவில்லை. ஐந்துதான்.

அந்த வாரம் என்னிடம் யாரும் பேச முடியவில்லை. புரோகிராமை வரி வரியாகப் பிரித்துப் பார்த்தேன். கட்டங்களை இன்னும் சின்னதாக வெட்டினேன். காற்று அடித்துத் தண்ணீரைக் கலக்கிவிட்டதா என்று பார்த்தேன். எதிலும் தப்பில்லை. டீ கொண்டுவந்த பெண்ணிடம்கூட எரிந்து விழுந்தேன். சார் மெதுவாக, "ஒரு மழை தானேம்மா, விட்டுத்தள்ளு, அடுத்த மழையில சரியா வரும்" என்றார். மழை எப்படி சார் சரியாக வரும், நான் அல்லவா சரியாக வர வேண்டும் என்று கத்தினேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தேன். நைனா தறி ஓட்டிக்கொண்டிருந்தார், அடுப்படியில் அம்மா குக்கரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். ஏழு விசில் விட்டும் பருப்பு கல்லு கல்லாக இருந்தது. நல்ல தண்ணீர் கேன் போடுகிறவன் இரண்டு நாளாக வரவில்லை. போர் தண்ணீரில் பருப்பு வைத்திருக்கிறாள்.

"உப்புத் தண்ணில பருப்பு வேவுமா? தெரிஞ்சேதான் வெச்சேன், என் புத்திய சொல்லணும்" என்று கரண்டியைத் தூக்கிப் போட்டாள்.

நான் கையில் இருந்த தட்டை அப்படியே தரையில் வைத்தேன். எங்கள் ஊரில் நாலு வயசுக் குழந்தைக்குக்கூட எந்தக் குடத்தில் எந்தத் தண்ணீர் என்று தெரியும். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, தலை குளித்தால் முடி சிக்கெடுக்கும். குடிக்க ஒரு குடம், புழங்க ஒரு குடம் என்றுதான் நான் பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறேன். அப்படிப்பட்ட நான், ஆபீஸ் குழாயைத் திறந்து போர் தண்ணீரை ஜாடியில் பிடித்து, மழைத் தண்ணீரில் மண் எப்படி இறங்கும் என்று அளந்திருக்கிறேன்!

பையில் அந்த இடத்து மண் கொஞ்சம் இருந்தது. மொட்டை மாடி டிரம்மில் அந்த வாரத்து மழைத் தண்ணீர் இருந்தது. இரண்டு கண்ணாடி டம்ளர் எடுத்தேன். ஒன்றில் போர் தண்ணீர், ஒன்றில் மழைத் தண்ணீர். இரண்டிலும் ஒரே அளவு மண். கலக்கி, அடுப்பு மேடையில் வைத்துவிட்டு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். போர் தண்ணீரில் களிமண் ஒன்றோடு ஒன்று ஒட்டி, பால் திரிந்த மாதிரி சின்னச் சின்னத் திரியாகிக் கீழே இறங்க ஆரம்பித்தது. தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்துதான் அதைச் சேர்த்துக் கட்டுகிறது. நாங்கள் வேகாத பருப்பைத் தின்று முடிப்பதற்குள் டம்ளர் பாதிக்கு மேல் தெளிந்துவிட்டது. மழைத் தண்ணீர் டம்ளர் டீ நிறத்திலேயே நின்றது. சாயங்காலமும் அப்படியே. மறுநாள் காலையிலும் அப்படியே.

"கண்டுபிடிச்சிட்டேம்மா!" என்று அம்மாவைக் கட்டிப் பிடித்துச் சுற்றினேன். "கொடம் வுழுது வுடுடீ" என்று அவள் கத்தினாள். சுற்றி முடித்த பிறகுதான் உறைத்தது. மாடல் சரி, நான் போட்ட தண்ணீர் தப்பு. அப்படியென்றால் எட்டு என்பது பொய். கால்வாய் தூரும். அந்தக் கன்றுகள் எல்லாம் என் வாயை நம்பித் தாழ்வான பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ஐப்பசிக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை.

திங்கட்கிழமை சாரிடம் சொன்னேன். "ரிப்போர்ட் வெள்ளிபோயிந்தி கதம்மா" என்றார் அவர். போய்விட்ட ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கினால் ஆபீஸ் பேர் கெடும், லேஅவுட்காரர் அடுத்த வேலை தரமாட்டார் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். "சார், தப்பு என்னுதுன்னு நானே எழுதித் தரேன். ஆனா எட்டுன்னு இருக்கக்கூடாது" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "முதல்ல அந்த நர்சரி அம்மாகிட்ட போய்ச் சொல்லு. நான் லேஅவுட்காரன்கிட்ட பேசிக்கிறேன்" என்றார். அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த மரியாதை இன்றுவரை இறங்கவில்லை.

நர்சரிக்குப் போகும் வழியில் இரண்டு தடவை ஆட்டோவைத் திருப்பச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. அக்கா ஒட்டு நாடா அவிழ்த்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். "அக்கா, நான் சொன்னது தப்பு. எட்டு இல்ல, அஞ்சுதான். தண்ணிய மாத்திப் போட்டு அளந்துட்டேன்."

திட்டினார். அப்படி என்னை யாரும் திட்டியதில்லை, என் அம்மாகூட. "கம்ப்யூட்டர் சொல்லுது கம்ப்யூட்டர் சொல்லுதுன்னு குதிச்சியே! மேல மல்லி போட்டுட்டேன், இப்ப இத்தினி கன்ன தூக்கி எங்க வெப்பேன், உன் தலைமேலயா?" கடைசியில் அவர் மூச்சு வாங்கிக்கொண்டு, "உப்புத் தண்ணிலதான் மண்ணு படியுமா? அப்ப போ! போய் குட்டைல உப்ப கொட்டு!" என்று கையை வீசினார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"இன்னொரு தடவ சொல்லுங்கக்கா."

"இன்னாது?"

உப்பைக் கொட்டினால் கன்று செத்துவிடும். ஆனால் களிமண்ணைச் சேர்த்துக் கட்டுவது சமையல் உப்பு இல்லையே, சுண்ணாம்புச் சத்துதானே! கன்றுக்குக் கெடுதல் பண்ணாத சுண்ணாம்புச் சத்து எதில் இருக்கிறது? எனக்கு மண்டைக்குள் கிறுகிறுவென்று ஓடியது. "அக்கா, உங்க பக்கம் வேர்க்கடலைக்கு என்ன போடுவாங்க, மூட்டை மூட்டையா?"

"ஜிப்சம் போடுவாங்க. எங்க அண்ணன் கொல்லைக்குப் போட்டது மிச்சம் ஷெட்டுலயே கீது. ஏன்?"

நான் ஷெட்டுக்கு ஓடினேன். அங்கேயே பிளாஸ்டிக் கப்பில் குட்டைத் தண்ணீரை மொண்டு, ஒரு சிட்டிகை ஜிப்சம் போட்டுக் கலக்கினேன். இருவரும் தலையோடு தலை முட்டக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் திரி திரியாக மண் சேர்ந்தது. "அம்மோ!" என்றார் அக்கா. இரண்டு நிமிஷத்துக்கு முன் என்னை அடிக்க வந்தவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஒன்பது நாளும் ஓட்டம்தான். மழைத் தண்ணீர் பிடித்து எத்தனை ஜிப்சத்துக்கு எவ்வளவு வேகத்தில் மண் இறங்குகிறது என்று மறுபடி அளந்தேன். குழாய்ப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. குட்டை வாயில் தண்ணீர் விழும் இடத்தில் சணல் சாக்கில் ஜிப்சம் கட்டி வரிசையாகப் போட்டோம், ஓடுகிற தண்ணீர் கரைத்துக்கொண்டு போகட்டும் என்று. லேஅவுட்காரர் வந்து, "இதென்ன மூட்டை?" என்று கேட்டார். சார் அவரைத் தனியே அழைத்துப் போய்த் தெலுங்கில் என்ன சொன்னாரோ, அவரும் நாலு மூட்டை அனுப்பினார். மாடல் இப்போது ஏழு என்றது. பெருமழையின் முதல் வேகத்தில் ஆறரை. எட்டு வரவே வராது. மிச்சம் மூன்று பங்கு மண்ணும் கால்வாய்க்குத்தான் போகும்.

அப்படியானால் கால்வாய் எவ்வளவு தூரும், தண்ணீர் நர்சரிக்குள் எவ்வளவு ஏறும்? அதையும் போட்டேன். லெவல் மெஷினை வைத்து நிலத்தின் ஏற்ற இறக்கத்தைச் சாண் சாணாக அளந்தேன். நைனாவின் தறியில் கழித்த மஞ்சள் நூல் கண்டு ஒன்றைக் கொண்டுபோய், குச்சி நட்டு, தாழ்வான பக்கத்தின் குறுக்கே இழுத்துக் கட்டினேன். "அக்கா, இந்த நூலுக்குக் கீழ சேறு வரும். நூலுக்கு மேல வராது. கீழ இருக்கிற கன்னுக்கு மட்டும் இடம் பார்த்தாப் போதும்." மேட்டில் மல்லிகைக்கு நடுவிலும் ஷெட்டிலும் அடுக்கினால் கீழே இருந்ததில் பாதிக்குத்தான் இடம் இருந்தது. மிச்சத்தை எங்கே வைப்பது என்று அவரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை. நூலை மட்டும் பார்த்தார். "சரிலே" என்றார்.

ஐப்பசி மழை ஒரு மத்தியானம் பிடித்தது, மறுநாள் காலை வரைக்கும் விடவில்லை. ரயில் ஓடவில்லை. கிடைத்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போய்ச் சேரப் பத்து மணி ஆகிவிட்டது. வழியெல்லாம் கால்வாய்கள் சிவந்து ஓடின. முதலில் குட்டைக்கு ஓடினேன். விளிம்பு வரை நிரம்பியிருந்தது. சாக்குகள் பாதியாகச் சுருங்கியிருந்தன. தூமில் வந்த தண்ணீர் கலங்கல்தான், ஆனால் போன தடவை மாதிரி டீ இல்லை, வடித்த கஞ்சி மாதிரி. உள்ளே குதியாட்டம் போட்டது மனசு. பாட்டில் பிடிக்க வேண்டும் என்பதே மறந்துவிட்டது.

நர்சரிக்குள் நுழைந்தேன். அக்கா முழங்கால் வரை புடவையைச் செருகிக்கொண்டு மண்வெட்டியோடு நின்றார். தாழ்வான பக்கத்தில் சேறு ஏறியிருந்தது. ஏறி, மஞ்சள் நூலுக்கு ஒரு முழம் கீழே நின்றிருந்தது. நூலுக்குக் கீழே ஒரு கன்றுகூட இல்லை. நூலுக்கு மேலே, ஐயோ, நூலைத் தொட்டுக்கொண்டு, பை மேல் பை இடிக்க, அத்தனை கன்றும் அங்கேயே நின்றன! எடுத்ததையும் எங்கேயும் கொண்டு போகாமல், என் நூலுக்கு அந்தப் பக்கத்திலேயே நெருக்கி நெருக்கி அடுக்கியிருக்கிறார். ஒட்டுக் கட்டின இடமெல்லாம் மழை கழுவிப் பச்சையாக இருந்தது.

எனக்குப் பதறியது. சந்தோஷத்துக்குப் பதில் கோபம்தான் முதலில் வந்தது. "இன்னாக்கா இது! நாலு வரிசையாவது தள்ளி வெக்கக் கூடாதா? நான் ஒருதடவ தப்பு பண்ணவ! இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தா?"

அக்கா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏறும்னா நீயே ஓடியாந்து சொல்லியிருப்பியே" என்றார். "அன்னிக்கி வந்தே இல்ல?"

அந்தச் சேற்றிலேயே, நூலுக்குக் கீழே, உட்கார்ந்து அழுதேன்.